பொருந்துவதும் தாங்குவதும்

பென் என்ற அமெரிக்க மீன்பிடி ரீலின் உதிரிபாகப் பட்டியலைக் கையில் எடுத்தால் முதலில் எண்களைப் படிக்கப் பழக வேண்டும். 5 என்றால் பெரிய பற்சக்கரம். 13 என்றால் அதோடு கடித்துச் சுழலும் சின்னப் பற்சக்கரம், அதாவது பினியன். 15 கைப்பிடி. 29 நரம்பு சுற்றும் ஸ்பூல். இந்த முதல் எண் பாகத்தின் வேலையைச் சொல்கிறது. இந்த அத்தியாயத்தில் வரும் எந்த மாடலை எடுத்தாலும் ஸ்பூலுக்கு 29தான். சிறு கோடு போட்டு அதற்குப் பின்னால் வரும் எண், எந்த மாடலுக்காக அந்தப் பாகம் செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. ஆக, 6-60 என்றால் ‘லாங் பீச் 60’ ரீலுக்காகச் செய்த உராய்வு வாஷர். இப்போது ‘ஜிக்மாஸ்டர் 500’ என்ற வேறொரு ரீலின் பட்டியலைத் திறந்தால், அங்கும் அதே 6-60 உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ரீல்களும் அந்த இடத்தில் ஒரே பாகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட சாட்சி அது.

பழைய ரீல்களைக் கழற்றி, ஒன்றின் பாகத்தை மற்றொன்றில் மாட்டிப் புது ரீல் உருவாக்கும் அமெரிக்கத் தூண்டில்காரர்களுக்கு இந்தப் பட்டியல்தான் பால பாடம். ஆனால் பட்டியல் சொல்வது பாதியைத்தான். ஒரு பாகம் பொருந்துமா என்பதை அது சொல்லும். பொருந்திய பிறகு தாங்குமா என்பதைச் சொல்லாது. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

ரீலைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். நம்மூர்க் கடைகளில் இன்று அதிகம் தென்படுவது ஸ்பின்னிங் ரீல். அதில் ஸ்பூல் அசையாமல் நிற்க, ஒரு கம்பி வளையம் அதைச் சுற்றி வந்து நரம்பைச் சுற்றும். கன்வென்ஷனல் ரீல் அதற்கு மூத்தது. இதில் ஸ்பூல் கழிக்குக் குறுக்காகப் படுத்திருக்கும், அதுவே சுழலும். இருபுறமும் இரண்டு பக்கத்தட்டுகள். அவற்றை இணைக்கக் குறுக்குத் தூண்கள். அடியில் கழியோடு பிணைக்க ஒரு பாதம். வலப்பக்கத் தட்டுக்குள்தான் இயந்திரம் எல்லாம். கைப்பிடியைச் சுற்றினால் பெரிய பற்சக்கரம் சுழலும், அது பினியனைச் சுழற்றும், பினியன் ஸ்பூலைச் சுழற்றும். பக்கத்திலுள்ள நெம்புகோலைத் தள்ளினால் பினியன் ஸ்பூலை விட்டு விலகும். ஸ்பூல் தன்னிச்சையாக உருளும், தூண்டிலை வீசலாம். பெரிய பற்சக்கரத்தின் குழிவுக்குள் டிராக் என்னும் உராய்வு அடுக்கு இருக்கிறது. மீன் மிஞ்சி இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல், ஓர் எல்லைக்குமேல் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுப்பது அதன் வேலை. கைப்பிடிக்கு அடியில் இருக்கும் நட்சத்திரத் திருகை முறுக்கினால் அந்த எல்லை உயரும், தளர்த்தினால் தாழும்.

நட்சத்திரத் திருகு 20ஆம் நூற்றாண்டின் சொத்து. கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவில் மீன்பிடித்த வில்லியம் போஷன் சொன்ன யோசனையை நியூயார்க்கின் ஜூலியஸ் வோம் ஹோஃப் ரீலாக்கிக் கொடுத்தார். அந்த ரீலை வைத்து 1913-இல் போஷன், கழியும் ரீலும் கொண்டு ஒரு கொம்பன் வாள்மீனைப் பிடித்தார். அதற்கு முன் அப்படி யாரும் பிடித்ததில்லை.

ஆனால் பாகங்களை மாற்றிக்கொள்ளும் கதை இன்னும் நூறு ஆண்டு பின்னோக்கிப் போகிறது, அதுவும் எதிர்த் திசையில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கைவினைஞர், கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பூல் பல சுற்றுச் சுற்றும் ரீலைச் செய்தார். அவரைத் தொடர்ந்து மீக் சகோதரர்களும் பெஞ்சமின் மைலமும் அதே கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த ரீல்களின் ஸ்க்ரூத் தலையில் எண் பொறித்திருப்பார்கள். அதே எண் அதற்குரிய துளையின் அருகிலும் இருக்கும். மூன்றாம் ஸ்க்ரூ மூன்றாம் துளைக்கு மட்டுமே சரியாக இறங்கும். நான்காம் துளையில் போட்டால் இறுகும், அல்லது ஆடும். ஒரே ரீலின் இரண்டு ஸ்க்ரூக்களே ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாத உலகம் அது. கைத்திறனில் அவற்றை மிஞ்சிய ரீல்கள் குறைவு. இருந்தும் ஒரு பாகம் தொலைந்தால், செய்தவரிடமே திரும்பிப் போக வேண்டியிருந்தது.

அந்த உலகை மாற்றியது துப்பாக்கித் தொழிற்சாலை. அமெரிக்க அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதசாலைகளில் ஒவ்வொரு அளவுக்கும் ஓர் அளவுமானி வைத்து, அதில் நுழையாத பாகத்தைக் கழித்துவிடும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வேரூன்றியது. ஸ்பிரிங்ஃபீல்டில் வேலை கற்ற ஹென்றி லீலண்டு பிற்காலத்தில் கேடிலாக் கார் கம்பெனியை நடத்தியபோது அந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுபோனார். 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதையில் மூன்று கேடிலாக் கார்களைக் கடைசி நட்டு வரை கழற்றி, பாகங்களைக் கலந்து, மறுபடி மூன்று கார்களாகப் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். பூட்டும்போது அரம் தொடவில்லை. ஸ்பேனரும் திருப்புளியும் மட்டும்தான். ராயல் ஆட்டோமொபைல் கிளப் அதற்காக டூவர் கோப்பையை வழங்கியது.

ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டோ ஹென்ஸ் பென் கம்பெனியைத் தொடங்கியது 1932-இல். ஜெர்மனியிலிருந்து குடியேறிய இயந்திரத் தொழிலாளி அவர். அதே ஊரில் ஓஷன் சிட்டி என்ற ரீல் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். பெருமந்தத்தின் நடுவில் தொடங்கிய தொழில் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பத்து மாடலுக்குப் பத்து வித வாஷர் செய்ய அப்போது யாரிடமும் பணம் கிடையாது. ஒரு பாகத்தை ஒரு முறை வடிவமைத்து, அச்சு செய்து, முடிந்த மட்டும் பல ரீல்களில் அதையே பூட்டுவது சிக்கனம். வாங்குபவருக்கும் அது நன்மை: கரையோரக் கடை ஒவ்வொன்றும் கொஞ்சம் உதிரிகளை வைத்திருந்தாலே பெரும்பாலான ரீல்களைச் சரிசெய்துவிடலாம். 1936-இல் வந்த ‘செனட்டர்’ வரிசை பல தலைமுறை விற்றது. 1948-இல் ஹென்ஸ் இறந்தபின் மனைவி மார்த்தா கம்பெனியை ஏற்று நடத்தினார். வடிவமைப்பின் அடிப்படை மாறவில்லை. அரை நூற்றாண்டு இடைவெளியுள்ள இரண்டு ரீல்களுக்கு இடையே இன்றும் பாகம் மாற்ற முடிகிறதென்றால், அந்தப் பிடிவாதமே காரணம். பொறியியல் வரலாற்றில் புதிய கண்டுபிடிப்புகளுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு, மாற்றாமல் காத்த அளவுகளுக்கும் சேர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

எளிதான மாற்றம் அகலம். ‘ஸ்க்விடர்’ 140, 145, 146 என்ற மூன்றையும் பக்கவாட்டில் பார்த்தால் வேறுபாடு தெரியாது, விட்டம் ஒன்றே. முன்பக்கமாகப் பார்த்தால் ஒன்றைவிட ஒன்று ஒடுங்கியது. ‘சர்ஃப்மாஸ்டர்’ 100 முதல் 250 வரையிலான வரிசையும், ‘ஜிக்மாஸ்டர்’ 500-உம் 501-உம் அப்படியே. பக்கத்தட்டுக்குள் இருக்கும் இயந்திரத்துக்கு ஸ்பூலின் அகலம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே ஸ்பூல், தூண்கள், பாதம் இந்த மூன்றையும் சேர்த்து மாற்றினால் அகல ரீல் ஒடுங்கிய ரீலாகிவிடும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஆகாது. ஒரு தூண் அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் தட்டுகள் இணையாக நிற்காது; இடது தட்டின் தாங்கியும் வலது தட்டின் தாங்கியும் ஒரே கோட்டில் வராது; விரலால் தட்டினால் நெடுநேரம் உருள வேண்டிய ஸ்பூல் சட்டென்று நின்றுவிடும்.

பற்சக்கரத்துக்கு வந்தால் கணக்கு கடினமாகிறது, சுவையும் கூடுகிறது.

ஜிக்மாஸ்டர் 500-இன் விகிதம் 4:1. கைப்பிடி ஒரு சுற்று, ஸ்பூல் நான்கு சுற்று. பின்னால் வந்த 505எச்எஸ் மாடலில் அது 5:1. வேகமாக ஓடும் மீனுக்கு இரும்புத் தூண்டிலை விரைந்து இழுக்க வேண்டும் என்பவர்கள் பழைய 500-ஐ 5:1 ஆக்க ஆசைப்படுவார்கள். பெரிய சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. இரண்டு சக்கரங்களின் அச்சுகளையும் தாங்குவது பாலம் என்று பட்டறையில் சொல்லும் ஒரே உலோகத் தகடு. அச்சுகளுக்கு இடையிலான தூரம் அதில் நிலையாகப் பொறிக்கப்பட்டுவிட்டது. கடித்துச் சுழலும் இரண்டு சக்கரங்களின் ஆரங்களைக் கூட்டினால் அந்தத் தூரம் வர வேண்டும். பல்லின் பருமனும் சாய்வும் மாறாதவரை ஆரம் என்பது பற்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதம். ஆகவே இரண்டு சக்கரங்களின் பற்களையும் கூட்டி வரும் தொகை மாறக் கூடாது. கணக்குக்காக அந்தத் தொகை 60 என்று வைத்துக்கொள்வோம். 48-உம் 12-உம் சேர்ந்தால் 4:1. 50-உம் 10-உம் சேர்ந்தால் 5:1. பெரிய சக்கரத்தில் இரண்டு பல் கூடினால் பினியனில் இரண்டு பல் குறைந்தே ஆக வேண்டும். பற்சக்கரம் எப்போதும் இரட்டையாகத்தான் மாறும்.

பினியன் மாறும்போது அதன் மற்ற உறவுகளையும் பார்க்க வேண்டும். நடுவில் ஸ்பூலின் தண்டு நுழையும் துளை. முனையில் தண்டின் தட்டையான பக்கங்களைப் பிடிக்கும் வெட்டு. பினியனைத் தள்ளி விலக்கும் கவை உட்காரும் பள்ளம். பல் பொருந்தி இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தப் பினியன் அந்த ரீலுக்கு உதவாது.

எல்லாம் பொருந்திவிட்டது என்றே வைப்போம். பொருந்திய 10 பல் பினியன் 12 பல் பினியனைப்போலத் தாங்குமா? சிறு சக்கரத்தில் பல் குறையக் குறைய, வெட்டும் கருவி பல்லின் அடிப்பகுதியை உட்குடைந்துவிடும்; வேர் மெலியும். அதைத் தவிர்க்கப் பல்லின் வடிவத்தைச் சற்று வெளித்தள்ளி வெட்டும் உத்தி உண்டு, ஆனால் இயற்கை முழுதாக விட்டுக்கொடுப்பதில்லை. மேலும் கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பினியனின் ஒவ்வொரு பல்லும் நான்கு முறைக்குப் பதில் ஐந்து முறை அழுத்தம் வாங்குகிறது. அதனால்தான் வேக இரட்டைகளில் பித்தளைப் பினியனைக் கைவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக்குப் போகிறார்கள்.

வேக இரட்டை மாட்டியவருக்கு அடுத்து டிராக் வலுவிழந்துவிட்டதாகத் தோன்றும். அது பிரமை இல்லை. மீன் நரம்பை இழுக்கிறது. அந்த இழுவையை ஸ்பூலில் நரம்பு இருக்கும் ஆரத்தால் பெருக்கினால் ஸ்பூலின் முறுக்குவிசை. அது பினியன் வழியாகப் பெரிய சக்கரத்துக்கு வரும்போது பல் விகிதத்தால் பெருகுகிறது. டிராக் வாஷர்கள் இருப்பது பெரிய சக்கரத்தில். 4:1 ரீலில் அவை சமாளிக்க வேண்டியது ஸ்பூலின் முறுக்குவிசையைப்போல் நான்கு மடங்கு. 5:1 ரீலில் ஐந்து மடங்கு. அதே வாஷர்கள், அதே திருகு, அதே இறுக்கம் என்றால், 4:1-இல் 8 கிலோ இழுவையில் வழுக்கிய டிராக், 5:1-இல் 6.4 கிலோவிலேயே வழுக்கத் தொடங்கும். கண்ணுக்கு ஒரு வாஷரும் மாறவில்லை. இருந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு வலிமை போய்விட்டது.

இதே சூத்திரம் இன்னொன்றையும் சொல்கிறது. நரம்பு ஓட ஓட ஸ்பூலில் மிச்சமிருக்கும் சுற்றின் ஆரம் குறையும். ஆரம் பாதியானால், டிராக் வழுக்க இருமடங்கு இழுவை வேண்டும். மீன் மிகத் தொலைவுக்கு ஓடிய பிறகு நரம்பு அறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். அனுபவசாலிகள் அந்த நேரத்தில் திருகைத் தளர்த்துவார்கள். பழகாதவர்கள் பதறி இறுக்குவார்கள்.

குறைந்த வலிமையை எப்படி மீட்பது? டிராக்கின் உள்ளே உலோக வாஷரும் உராய்வு வாஷரும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. உலோக வாஷர்களில் ஒரு வகைக்கு வெளிவிளிம்பில் காது இருக்கும். அது பற்சக்கரத்தோடு சுழலும். மறுவகைக்கு உள்துளை தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். அது நடுக்குழலோடு நிற்கும். நகர்வதற்கும் நிற்பதற்கும் நடுவே மாட்டிக்கொண்டு தேய்வதுதான் உராய்வு வாஷர். வழுக்கத் தேவையான முறுக்குவிசை நான்கின் பெருக்கம்: எத்தனை உராய்வு வாஷர், அவற்றின் சராசரி ஆரம், உராய்வுக் கெழு, திருகு தரும் அழுத்தம். ஆரத்தைக் கூட்ட இடமில்லை, சக்கரத்தின் குழிவு அவ்வளவுதான். கெழுவைப் பொறுத்தவரை பழைய ரீல்களில் தோலும் அழுத்திய நார்ப்பொருளும் இருந்தன. அஸ்பெஸ்டாஸ் கலந்தவையும் அக்காலத்தில் இருந்தன. ஆகவே பழைய வாஷரை உலர்வாகத் தேய்த்துச் சுத்தம் செய்யக் கூடாது, ஈரத்தோடு எடுத்து மூடி அப்புறப்படுத்த வேண்டும். பின்னாளில் பென் கம்பெனி எச்டி-100 என்ற கார்பன் இழை வாஷரைக் கொண்டுவந்தது. அதன் பெருமை பிடிப்பின் அளவில் மட்டும் இல்லை, அதன் சீரில் இருக்கிறது. தோல் வாஷர் நின்ற நிலையில் பற்றிக்கொள்ளும், பிறகு விருட்டென்று விடும். முதல் இழுப்பிலேயே மெல்லிய நரம்பு அறும். கார்பன் வாஷரில் நிற்கும்போதுள்ள உராய்வும் வழுக்கும்போதுள்ள உராய்வும் ஏறக்குறைய ஒன்றே. சூடேறினாலும் அது கருகுவதில்லை. பழைய ரீலுக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் ஒன்றே ஒன்றுதான் அனுமதி என்றால் இந்த வாஷரைத்தான் நான் தேர்வேன்.

இங்கேயும் அளவு குறுக்கே வரும். அடுக்கின் மொத்த உயரம் பழையதைவிடக் குறைந்தால், திருகு முழு அழுத்தம் கொடுக்கும் முன்பே அதன் மரை அடித்தட்டிவிடும். உயரம் கூடினால், முழுதும் தளர்த்திய பிறகும் டிராக் பற்றிக்கொண்டே இருக்கும். அடுக்கின் மேலே இரண்டு குழிந்த வில் வாஷர்கள் இருக்கின்றன. அவற்றை எதிரெதிராகக் கவிழ்த்து வைத்தால் வளையும் தூரம் இருமடங்காகும். திருகின் ஒவ்வொரு பாகைக்கும் அழுத்தம் மெல்ல உயரும். ஒரே திசையில் அடுக்கினால் கால் சுற்றிலேயே லேசிலிருந்து இறுக்கத்துக்குப் பாய்ந்துவிடும். எந்த உதிரியும் வாங்காமல், இருப்பதைத் திருப்பி வைத்தே டிராக்கின் குணத்தை மாற்றலாம்.

சரி, டிராக் வலுத்துவிட்டது. அந்த வலு எங்கே போய் நிற்கிறது? மீன் இழுக்கும்போது பெரிய சக்கரம் பின்னோக்கிச் சுழலப் பார்க்கிறது. உராய்வு அடுக்கு அந்த விசையை நடுக்குழலுக்குக் கொடுக்கிறது. குழல் அதைத் தன்னோடு சேர்ந்த ராட்செட்டுச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ராட்செட்டின் பல்லில் முட்டுக்கொடுத்து நிற்பது நாய் என்று அமெரிக்கப் பட்டறைகளில் அழைக்கப்படும் ஒரு சிறு உலோக நாக்கு. இழுவை 8 கிலோ, நரம்பின் ஆரம் 2.5 செ.மீ., விகிதம் 4 என்று கொள்வோம். பெருக்கினால் 80 கிலோ-செ.மீ. ராட்செட்டின் ஆரம் 1 செ.மீ. என்றால், அந்த ஒற்றை நாக்கின் நுனியில் 80 கிலோ உட்காருகிறது. தோல் வாஷரின் காலத்தில் டிராக் முன்பே வழுக்கிவிடும் என்பதால் நாக்குக்கு அந்தச் சோதனை வந்ததே இல்லை. கார்பன் வாஷர் மாட்டி, திருகை முறுக்கி, 12 கிலோவுக்குக் கொண்டுபோனால் நாக்கில் 120 கிலோ. ஒரு நாள் நாக்கு ஒடியும், அல்லது பித்தளைக் குழலின் தட்டையான பக்கங்கள் மழுங்கி வாஷர்கள் அதன்மேல் வெறுமனே சுற்றும். கைப்பிடி சிக்கென்று பின்னால் சுழன்று விரல் எலும்பை அடிப்பதும் இந்த நேரத்தில்தான்.

ஆகவே கார்பன் வாஷரோடு எஃகுக் குழலும் வருகிறது. குழலோடு இரண்டாவது நாக்கும் வருகிறது. அடுத்து பேக்கலைட் பக்கத்தட்டின் ஸ்க்ரூத் துளைகளில் விரிசல் ஓடும். தட்டைக் காக்க உலோகத் தட்டு. தட்டு இறுகினால் தூண்கள் முறுக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்த அலுமினியச் சட்டகம். பற்சக்கரங்கள் இரண்டும் பாலத்திலேயே இருப்பதால் சட்டகம் முறுக்கினாலும் பற்களின் கடி கெடாது. கெடுவது ஸ்பூலின் தாங்கிகள். அவை இரண்டு தட்டுகளில் பிரிந்து இருப்பதால் கோணம் மாறி இறுகும். ரீல் பாரத்தில் மட்டும் கனத்துச் சுற்றுவதாகவும், கழற்றி மேசைமேல் வைத்தால் சுகமாக உருளுவதாகவும் ஒருவர் சொன்னால், பற்சக்கரத்தைத் தேடாமல் சட்டகத்தைப் பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் இந்தத் தொடர்ச்சியே ஒரு தொழிலாக வளர்ந்தது. அதன் தொடக்கம் ஸ்பூலில் இருக்கிறது. பருத்தி, லினன் இழைக் காலத்தில் ஸ்பூல் பிளாஸ்டிக்கில் இருந்தாலும் குறையில்லை. எடை குறைவு என்பதால் வீசவும் நன்றாக இருந்தது. பிறகு நைலான் நரம்பு வந்தது, நம்மூரில் தங்கூஸ் என்கிறோமே, அது. நைலான் நீளும், நீண்ட நிலையில் சுற்றப்பட்டால் சுருங்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். ரப்பர் வளையத்தை விரலில் இழுத்து இழுத்துப் பல சுற்றுச் சுற்றினால் விரல் நீலம் பாரிப்பதைப்போல, ஸ்பூலின் உடலை அது நெரிக்கிறது. 2 கிலோ இழுவையில் 300 சுற்று என்றால், ஸ்பூலைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும் தளத்தில் அதிகபட்சமாக 1200 கிலோ நெருக்கும். உள்சுற்றுகள் நாளடைவில் தளர்வதால் உண்மையில் இதைவிடக் குறையும். ஆனாலும் பிளாஸ்டிக் ஸ்பூலின் விளிம்புகளைப் பிளக்க அது போதும். குரோமியம் முலாம் பூசிய பித்தளை ஸ்பூல் பிளக்காது. ஆனால் பித்தளையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 8.5 கிராம். வீசும்போது அந்தப் பாரம் சுழலத் தொடங்கவே தயங்கும். தொடங்கியபின் நிற்கவும் தயங்கும். தூண்டில் நீரில் விழுந்த பிறகும் ஸ்பூல் சுற்றினால் நரம்பு பந்தாகச் சிக்கிக்கொள்ளும். அலுமினியம் 2.7 கிராம்தான். அதே வடிவம், மூன்றில் ஒரு பங்கு நிலைமத் திருப்புத்திறன், நெரிப்பையும் தாங்கும்.

கார்ல் நியூவெல் என்ற கலிஃபோர்னியாக்காரர் பென் ரீல்களுக்கான அலுமினிய ஸ்பூல்களைக் கடைந்து விற்றார். அதோடு இலேசான பாதமும் தூண்களும் சேர்த்து ஒரு தொகுப்பாகத் தந்தார். பிறகு தம் பெயரிலேயே முழு ரீல்களைச் செய்தார். விமானப் பாகங்களைக் கடைந்து பழகிய அக்யூரேட் கம்பெனியும் அதே வழியில் வந்தது: முதலில் செனட்டருக்கான சட்டகமும் தட்டும், பிறகு சொந்த ரீல். திபுரோன் சட்டகங்களும் செனட்டர், ஜிக்மாஸ்டர் உடைமைக்காரர்களிடம் பேர்பெற்றவை. இவர்கள் யாருக்கும் பென் கம்பெனி வரைபடம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. நாற்பது ஆண்டாக மாறாத அளவுகள் எவர் கையிலும் இருந்தன. ஒரு பழைய ரீலும் வெர்னியர் காலிப்பரும் போதுமானவை.

அலுமினியம் கடலுக்குள் இறங்கும்போது வேதியியல் தன் பங்கைக் கேட்கும். உப்புநீரில் நனைந்த இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது ஒரு சிறு மின்கலம். எலெக்ட்ரானை எளிதில் விடும் உலோகம் அரிபடும், மற்றது பிழைக்கும். அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் நடுவில் அரிபடுவது அலுமினியம். துருப்பிடிக்காத எஃகோடு வைத்தாலும் அதுவே. பழைய பென் ரீலில் பித்தளையும் பேக்கலைட்டுமே பெரும்பாலும் இருந்ததால் இந்தத் தகராறு குறைவு. அலுமினியச் சட்டகத்தில் எஃகு ஸ்க்ரூவை உலர்வாக முறுக்கி இரண்டு பருவம் கடலில் உழைத்துவிட்டுக் கழற்றப் பார்த்தால், மரையைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டி ஸ்க்ரூத் தலை முறிந்து வரும். மரைக்குள் கிரீஸ் தடவிப் பூட்டினால் உப்புநீர் நுழைய இடமில்லை, மின்கலமும் இல்லை. இவ்வளவு செலவில்லாத காப்பு இந்தத் தொழிலில் வேறு இல்லை.

எண்கள் சொல்லாத இன்னொரு சங்கதி பாகத்தின் வயது. பல ஆண்டு ஒன்றாகச் சுழன்ற பெரிய சக்கரமும் பினியனும் ஒன்றை ஒன்று தேய்த்து, தங்களுக்கு மட்டும் ஏற்ற ஒரு வளைவை உண்டாக்கிக்கொண்டிருக்கும். அந்த இரட்டையில் பினியனை மட்டும் புதிதாக மாற்றினால், எண் சரியாக இருந்தும் கைப்பிடியில் ஒரு கரகரப்பு ஏறும். புதிய பல்லின் முழு வடிவம் தேய்ந்த பள்ளத்தின் ஓரத்தில் மட்டும் தொடும், பாரம் முழுதும் அந்தச் சிறு விளிம்பில் விழும். ஆகவே இரண்டு ரீலைக் கழற்றி ஒன்றாக்கும்போது பற்சக்கர இரட்டைகளைப் பிரிக்காமல் தனித்தனிப் பைகளில் போட்டு, எதிலிருந்து எடுத்தது என்று எழுதி வைக்க வேண்டும். புது இரட்டை மாட்டினால் முதலில் லேசான எடையோடு சில மணி நேரம் ஓட்டி, பிறகு கிரீஸைத் துடைத்து வெள்ளைத் துணியில் பாருங்கள். பித்தளைத் துகள் மின்னும். மறுபடி கிரீஸ் இட்டு ஓட்டி, மறுபடி துடையுங்கள். துகள் குறைந்துகொண்டே வந்தால் பற்கள் ஒன்றுக்கொன்று பழகுகின்றன. குறையாவிட்டால் அச்சுகளின் தூரத்தில் பிழை இருக்கிறது. பாலத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, அதன் ஊசித்தண்டு சாய்ந்திருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.